டால்டன் சாலை கரிபு வேட்டை: புறப்படும் முன்

கரிபு என்னும் துருவ மானை வேட்டையாட, டால்டன் சாலை வழியே அலாஸ்காவின் வடகோடியான வடசரிவுக்கு ஆகஸ்ட் கடைசியில் போகிறவர்கள், கையில் சில நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ‘மத்திய ஆர்க்டிக்’ கரிபு மந்தை நம் தேதிக்கு வராது. வெயிலும் காற்றில்லாமையும் சேர்ந்தால் ஈத்தொல்லைக்குப் பயந்து ஆற்றுச் சரளைத் திட்டுகளிலும் மேட்டிலும் நிற்கும். குளிர்காற்று வீசினால் மேயப் பரவிவிடும். கனத்த பனி விழுந்தால் தெற்கே ப்ரூக்ஸ் மலைப்பக்கம் நகரும். முன்னால் வருபவற்றைக் கலைக்காதீர்கள், பின்கூட்டமும் திரும்பிவிடும்.

சாலையின் இருபுறமும் 8 கிமீக்குள் வில் மட்டுமே, அதற்கும் சான்றிதழ் வேண்டும். துப்பாக்கி என்றால் அதைத் தாண்டிச் சதுப்பில் நடக்கணும், இறைச்சியையும் அதே சதுப்பில் பல நடையாகச் சுமக்கணும். இதை நினைத்துப் பார்த்துவிட்டே சுடுங்கள்.

தோலை உடனே உரியுங்கள். தொடையெலும்பை ஒட்டிக் கத்தி விட்டுச் சூட்டை வெளியேற்றுங்கள், முதலில் கெடுவது அங்கேதான். துணிப்பையில் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், வேர்த்துப் புளித்துவிடும். அக்டோபரில் இனச்சேர்க்கைக் காலத்துப் பெரிய ஆண் கரிபுவின் இறைச்சி வீச்சமடிக்கும்.

இந்தச் சாலையில் கோல்ட்ஃபுட் என்ற ஊரிலிருந்து வடமுனையிலுள்ள டெட்ஹார்ஸ் வரை சுமார் 385 கிமீ பெட்ரோல் கிடையாது. வழியிலுள்ள அட்டிகன் மலைக்கணவாயில் ஆகஸ்டிலும் பனி பெய்யும். அமெரிக்கக் குடியுரிமையும் இல்லாமல், அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கவும் செய்யாதவர்களுக்குப் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். அவரை இப்போதே பேசி வையுங்கள்.