ஒருவனை இன்னான் என்று சொல்பவர்கள்

அன்புள்ள மருமகனுக்கு,

ஓசூரில் வெல்டிங் ரோபோக்களுக்கு நடுவே வேலை பார்க்கும் நீ, பொங்கலுக்குத் தருமபுரி வந்திருந்தபோது, 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பற்றிக் கேட்டாய்: மூளை போக மற்றதெல்லாம் இயந்திரமாகிவிட்ட அரசுப் பாதுகாப்பு அதிகாரி குசனாகி இன்னும் மனிதப் பிறவிதானா? நினைவு இருக்கும்வரை அவள் அவள்தான் என்று நீயே பதிலும் சொன்னாய். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று நான் மறுக்கவில்லை. இப்போது மறுக்கிறேன்.

மமோரு ஓஷி 1995இல் இயக்கிய அந்தப் படத்தில் என்னைத் தூங்கவிடாதவர் குப்பை லாரித் தொழிலாளிதான். பிரிந்துபோக நினைக்கும் மனைவியையும், பார்க்கத் தவிக்கும் மகளையும் பற்றிக் கூட்டாளியிடம் ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டு வருகிறார். குசனாகியின் பிரிவிடம் பிடிபட்ட பிறகுதான், அவர் தனிக்கட்டை என்பதும், அந்த நினைவுகளை வேறொருவர் மூளைக்குள் புகுத்தியிருப்பதும் தெரியவருகின்றன. நினைவுதான் ஆள் என்றால் இவர் யார்? இல்லாத மகளுக்காக அவர் பட்ட வேதனை பொய்யில்லையே.

பக்கத்து இருக்கையில் தினமும் உட்கார்ந்து வருகிறவருக்குக்கூட, "உனக்குக் கல்யாணமே ஆகவில்லையே" என்று சொல்லத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய துயரமாகப் படுகிறது. நம் தெருவில் ஒருவருடைய மூளைக்குள் என்ன புகுந்தாலும், அவர் இன்னார் மகன், இன்ன வீட்டுக்காரர் என்று அடித்துச் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்களை அடுத்த முறை நின்று பார். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்டுப் பட்டவனின் உடலும் இல்லை, அவனுடைய நினைவும் இல்லை. ஆனாலும் அவன் இன்னான் என்று ஊரார் கல்லில் வெட்டி வைத்த சொல் ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது.

குசனாகிக்கோ அந்த உடல்கூடச் சொந்தமில்லை; வேலையை விட்டால் அரசிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதே படத்தில், தகவல் கடலில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கணினி நிரல், தன்னை ஓர் உயிராக ஏற்று அரசியல் தஞ்சம் தர வேண்டும் என்று கேட்பதும் எனக்கு இதனால்தான் விளங்குகிறது. தனக்கு உயிர் உண்டு என்று அதற்குத் தெரியும். அதைச் சொல்ல இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

முடிவில் அந்த நிரலோடு கலந்து, ஒரு சிறுமியின் உடலில் கண் விழிக்கும் குசனாகி, நண்பன் பட்டூவிடம் விடைபெறும்போது, மறுபடி சந்தித்தால் அடையாளம் கண்டுகொள்ள 2501 என்ற எண்ணைப் பேசி வைத்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
உன் மாமா