பக்கவாதம் வந்தவங்க முழுங்குறதையும் கவனிங்க

ஆசிரியருக்கு வணக்கம். பக்கவாத சிகிச்சை பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும்னு தெளிவா போட்டிருந்தீங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா பிழைச்சு வீட்டுக்கு வந்தவங்க எப்படி சாப்பிடுவாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. கை கால் இழுத்துக்கிட்டது கண்ணுக்குத் தெரியுது, தொண்டைத் தசை பலவீனமானது தெரியுறதில்ல. எங்க மாமனாருக்கு குழைஞ்ச சாதம் இறங்கிடும், தண்ணி குடிச்சாத்தான் இருமல், உடனே குரல் களகளன்னு ஆகிடும். பாக்க வந்தவங்க எல்லாம் யாரோ நினைக்கிறாங்கன்னு தலையைத் தட்டிட்டுப் போனாங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் பாத்துதான் தண்ணி மூச்சுக்குழாய்க்குப் போகுது, விட்டா நிமோனியா வரும்னு சொல்லி, நிமிர்ந்து உக்காந்து தாடையை இறக்கி சின்னச் சின்ன வாயா முழுங்கப் பழக்கினாங்க. சிலருக்கு இருமலே வராம உள்ள போயிடும், அது இன்னும் ஆபத்து.

பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்கதான் இதுக்கும் பயிற்சி குடுப்பாங்கன்னு நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபி வீட்டுக்கே வருதே, அதோட இதையும் சேக்கணும். டிஸ்சார்ஜ் பண்றதுக்கு முன்னாடி முழுங்குற டெஸ்ட் பண்ணி, எப்படி ஊட்டணும்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதி வீட்டுக்காரங்க கையில குடுத்தனுப்பணும்.