காதருக்கு, தங்கச்சிமடத்திலிருந்து

தங்கச்சிமடம்,
மே 20

அன்புள்ள காதர்,

உன் அண்ணன் காக்காவுக்கு ஈரல் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை நாட்டுப்படகு மீன்தான்.

சரி, ஈரல் ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி தொற்றாமல் இருக்கக் காக்காவை ஆக்சிஜன் அறையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கம்ப்ரசர் காற்றை ட்யூபில் இழுத்துக்கொண்டு சங்கு எடுக்கிறவர்கள் சடாரென்று மேலே வந்து கை கால் முடங்கிப்போனால், அவர்களுக்கு வைத்தியம் அந்த அறைதான். அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிக்க வைப்பார்கள். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 0.3 மில்லிதான், மற்றதெல்லாம் சிவப்பணு சுமப்பது. மூன்று மடங்கு அழுத்தத்தில் கரைந்ததே 6 மில்லி வரை ஏறும். 1960 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் போரேமா என்ற மருத்துவர், சிவப்பணு ஏறக்குறைய இல்லாத பன்றிகளை இப்படி உயிரோடு வைத்துக் காட்டினார்.

ஈரலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறாய். குடலிலிருந்து ரத்தத்தோடு வரும் கிருமிகளை ஈரலில் இருக்கும் குப்ஃபர் செல்கள் செக்போஸ்ட் மாதிரி நிறுத்திப் பிடிக்கும். கிருமியை அடையாளம் காட்டும் காம்ப்ளிமெண்ட் புரதங்களில் பெரும்பகுதியும் ஈரலில்தான் உருவாகிறது. ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், மிச்ச ஈரல் வளரும்வரை இரண்டுமே குறையும். அப்போது வெள்ளையணுக்கள்தான் கூடுதல் பாரம் தாங்க வேண்டும். விழுங்கிய கிருமியைக் கொல்ல அவை ஆக்சிஜனிலிருந்தே சூப்பராக்சைடு என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் கொல்லும் வேகமும் குறையும். அதனால்தான் அந்த அறையில் வைத்து ஆக்சிஜனைக் கூட்டிக் கொடுக்கும் யோசனையே பிறந்தது.

யோசனை நல்லதுதான். ஆனால் அளவு மீறினால் அதே ஆக்சிஜன் நல்ல திசுவையும் கெடுக்கும். அழுகும் புண், சர்க்கரைக் கால்புண், மேலே சொன்ன முங்கல்காரர் முடக்கம் இவற்றுக்கு அந்த அறை ஏற்கப்பட்ட சிகிச்சை. ஈரல் ஆபரேஷனுக்குப் பிறகு வழக்கமாகச் செய்வதில்லை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் ஆபத்தும் உண்டு. கடன் வாங்கி அதற்கு ஓடாதே காதர். அறுத்த டாக்டர் சொன்னால் மட்டும் யோசி.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருப்பார்களே, காக்கா அதை உறிஞ்சிப் பந்தை மேலேற்றட்டும். வலிக்குது என்று படுத்தே கிடக்க விடாதே, நடக்க வை. குளிர்காய்ச்சல் வந்தாலோ, வயிற்றில் போட்ட வடிகுழாயில் வரும் நீர் கலங்கினாலோ, ராத்திரி ஆனாலும் நர்ஸை எழுப்பு.

அப்புறம் ஊருக்கு வந்ததும் கடலில் இறங்கத் துடிப்பார். தையல் நன்றாக ஆறும்வரை கூடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. ஈரல் பலவீனமானவர்களுக்குப் புண் வழியாக ரத்தத்தில் ஏறினால் உயிருக்கே ஆபத்து. வேகவைக்காத சிப்பியைத் தின்பதும் அதே கணக்குதான். நன்றாக வெந்த மீன் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேட்டு எழுது, விளமீன் வாங்கி வருகிறேன்.

உன்
சேவியர்