தொழிலாளர் நீதிமன்றம் என்ன, ஒதுக்குப்புறமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த எங்கள் வக்கீல் ஐயாவுக்குச் சென்ற இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. அவர் உயிரோடு இருந்தவரை அவரைப் பற்றி உங்கள் இதழில் ஒரு வரிகூட வந்ததில்லை என்பதால் அந்த நன்றியைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். ஆனால் கட்டுரையின் நடுவில், ‘தொழிலாளர் நீதிமன்றத்தோடு ஒதுங்கிவிட்டதால் அவருடைய திறமை வீணாயிற்று’ என்று ஒரு வாக்கியம். எழுதியவர் அந்தத் திறமையை எங்கே உட்கார்ந்து அளந்தார்?

நான் ஓர் உள்ளாட்சி அமைப்பில் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலி வருகைப் பட்டியலில், கூலி வாங்கிய பம்ப் ஆபரேட்டர். ஓராண்டில் 240 நாள் வேலை பார்த்தவரை நோட்டீசும் இழப்பீடும் கொடுக்காமல் நிறுத்த முடியாது என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் அலுவலகத்துக்கும் நன்றாகவே தெரியும். அதனால்தான் 240 நெருங்கும்போதெல்லாம் பட்டியலிலிருந்து என் பெயர் மறைந்து வேறொரு பெயர் ஏறும். மோட்டாரை ஓட்டுவது நான், கூலி இன்னொருவன் பெயரில். அப்படி ஓர் ஆளே கிடையாது.

எங்களை வேலையிலிருந்து நிறுத்தியதை எதிர்த்து வழக்குப் போட்டோம். எதிர்த்தரப்பு சம்மதித்தால்தான் தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் ஆஜராக முடியும் என்று சொன்னதும் அதே சட்டம்தான். அலுவலகம் சம்மதிக்கவில்லை. ஐயா எங்கள் சங்கச் செயலாளரை முன்னால் நிறுத்திவிட்டு, பின் பெஞ்சில் உட்கார்ந்து துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு அவர்களுக்கே ஒரு வக்கீல் தேவைப்பட்டது, சம்மதமும் வந்தது. ஐயா போட்ட முதல் மனு, மஸ்டர் ரோலில் இருக்கும் அந்த இல்லாத ஆளைச் சாட்சி சொல்ல அழைத்துவர வேண்டும் என்பது. அதன்பின் பல வாய்தாக்களுக்கு அந்தத் தரப்பு வாயே திறக்கவில்லை. வீணான திறமை இது.

தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்ததும் அலுவலகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது. திறமைசாலிகள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்களாமே, ஐயா அங்கும் வந்தார். வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய கூலியைக் கொடுக்கச் சொன்ன, அதே சட்டத்தின் 17பி பிரிவில் மனுப் போட்டு எங்கள் வீடுகளில் அடுப்பு எரிய வைத்தார்.

அந்த நேரத்தில்தான், 2006 ஏப்ரலில், உமாதேவி வழக்கின் தீர்ப்பு வந்தது. முறையான தேர்வு இல்லாமல் அரசு வேலைக்கு வந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். தேர்வு எழுதிக் காத்திருப்பவர்களுக்கு நீதி கிடைத்தது என்று உங்கள் தலையங்கம் கொண்டாடியது. என் மகளும் தேர்வு எழுதிக் காத்திருந்தவள்தான் ஐயா. அறிவிக்கையே வராத பணியிடத்துக்கு யார் தேர்வு எழுதுவது? அதே தீர்ப்பின் 53ஆம் பத்தி, அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் நீதிமன்ற ஆணையின் துணை இல்லாமல் பத்தாண்டு உழைத்தவர்களை ஒருமுறை மட்டும் முறைப்படுத்தப் பார்க்கச் சொன்னது. அந்தப் பத்தி உங்கள் கண்ணில் படவில்லை. எங்களுடையது அனுமதிக்கப்பட்ட பணியிடமே இல்லை என்று அலுவலகம் சாதித்தது. ஐயா வேறு பக்கமாக வந்தார். நிரந்தரம் கொடுக்காமல் இருப்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொல்கிறது, அதற்கு என்ன பதில் என்று கேட்டார். அதே நடைமுறையைத் தடுக்கும் மகாராஷ்டிரச் சட்டத்தின்கீழ் வந்த போக்குவரத்துக் கழக வழக்கில், 2009இல், உமாதேவி தீர்ப்பு அந்த வழியை அடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. எனக்கு நிரந்தர ஆணை கிடைத்தபோது ஓய்வுக்கு அதிகக் காலம் இல்லை என்பது தனிக் கதை.

2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்களின் ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பை நீண்டகால ஊழியர்களுக்கு எதிரான ஆயுதமாக்குவதை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. உங்கள் இதழில் ஒரு துணுக்காவது வந்ததா? வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்களுக்குச் சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று 2003 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தபோது மட்டும் இடம் தாராளமாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட நேரம் அது. அப்போது நான் எழுதிய நீண்ட கடிதத்தை இரண்டு வரியாக நறுக்கிப் போட்டீர்கள், அதிலும் ‘கண்டிக்கிறேன்’ போய் ‘கருதுகிறேன்’ வந்திருந்தது. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கியபோது, படிக்க எளிது என்று பாராட்டினீர்கள். உண்மைதான், படிக்க எளிது.

தொழிலாளர் பக்கம் போனால் வக்கீலின் திறமை வீணாகும் என்றால், 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை நடத்திய வ.உ.சி. யார்? வழக்கறிஞர்தானே. சென்னையில் 1923இல் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரும் வழக்கறிஞர்தான். இருவருக்கும் பிறந்தநாள் வந்தால் சிறப்புப் பக்கம் போடுகிறீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ஐயாவைத் ‘தொழிலாளர் நல அலுவலர்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். வாழ்நாளெல்லாம் அந்த அலுவலர்களின் மேசைக்கு எதிரே நின்று வாய்தாவுக்கு வாய்தா சண்டை போட்டவர் அவர். வழக்கறிஞர் என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், சிறிய எழுத்தில் என்றாலும் சரி. இந்தக் கடிதத்துக்கு இடம் இல்லை என்றால் பரவாயில்லை, எனக்கு அது பழக்கம்தான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர்