படத்தில் இருப்பது கட்டுவிரியன் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

காட்டில் வாழும் விஷப் பாம்புகள், சிலந்திகள் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் போட்ட பக்கத்தை எங்கள் ஊர் பால் சொசைட்டியில் யாரோ கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அதில் கட்டுவிரியன் என்று போட்டிருப்பது வெள்ளிக்கோல் வரையன். மனிதனை ஒன்றும் செய்யாத பாம்பு.

வரையனுக்கு வெள்ளைப் பட்டை கழுத்திலேயே அகலமாகத் தொடங்கி, வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கருப்பு. அப்புறம்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் வரைக்கும் பளிச்சென்று இருக்கும். தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த அடையாளம். சந்தேகம் என்றால் விரியன் என்றே வைத்துக்கொள்வது நல்லது. வரையனை விரியன் என்று அடித்தால் ஒரு பாவப்பட்ட பாம்பு போயிற்று, அவ்வளவுதான். நிஜ விரியனைப் பார்த்து, 'பேப்பர்ல போட்ட மாதிரி இல்லையே' என்று ஒருவர் சும்மா இருந்துவிட்டால்?

போன பங்குனியில் எங்கள் தோட்டத்துச் சாளையில் தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர், ராத்திரி மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாப்பிட்டது சேரவில்லை என்று ஓமத்தண்ணி கொடுத்தோம். விடியும்போது இமை தொங்கிவிட்டது. "கண்ணு தெறக்க மாட்டேங்குதுங்க" என்றார், அதையும் குழறிக் குழறி. உடம்பெல்லாம் தேடியும் கடிவாய் தெரியவில்லை. வேப்பிலை கொடுத்துக் கசக்கிறதா பார்க்கலாம் என்றார் ஒரு பெரியவர். நல்லவேளை, அவர் இலை பறித்து வருவதற்குள் கார் வந்துவிட்டது. இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்து பிழைத்தார். பாம்பு மறுநாள் தலைமாட்டுச் சாக்குக்கு அடியில் கிடந்தது. கட்டுவிரியன் கடி பல பேருக்கு எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. கட்டிலில் படுத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகியிருந்தால் இவ்வளவும் இல்லை.

உங்கள் கட்டுரைக்காரருக்குக் காடு என்றால் வனம். எங்களுக்குச் சோளம் விதைக்கிற நிலம்தான் காடு. எலிக்காகச் சோளத்தட்டுப் போரில் கண்ணாடி விரியன் சுருண்டிருக்கும். கல்லுக்கட்டிலும் கிலுவை வேலிக்கு அடியிலும் சுருட்டை விரியன். போரில் தட்டு உருவுகிற கை கண்ணாடி விரியன் மேலேயேதான் படும். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆஸ்திரேலியச் சிலந்திக்கு அரைப் பக்கம்! சிட்னியின் அந்தப் புனல்வலைச் சிலந்திக்கு 1981-இல் மாற்று மருந்து வந்தது. அதற்குப் பிறகு அது கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. இந்தியாவில் பாம்புக்கடியில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் சாகிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எங்கள் பக்கம் எட்டுக்கால் பூச்சியால் செத்தவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அக்கிக் கொப்புளத்துக்குக்கூட அதன் மேல்தான் பழி போடுவார்கள், பாவம். பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. குழந்தையைக் கொட்டினால் இதயத்தையே பதம் பார்த்துவிடும்.

மருந்தைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். பாம்பை அடித்து டாக்டரிடம் தூக்கிப் போக வேண்டியதில்லை. அந்த மருந்தைச் செய்யத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுக்கிறவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். சங்கம் 1978-இல் தொடங்கியது. அவர்களில் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர்கள் படத்தைப் போட்டிருந்தால் நானே கத்தரித்து ஒட்டியிருப்பேன். பாம்புக்கடி வந்தால் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் தமிழக அரசு அறிவித்ததும் எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்த இதழில் சரியான கட்டுவிரியன் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். சொசைட்டிச் சுவரில் இருப்பதை நான் இன்னும் கிழிக்கவில்லை. வெள்ளிக்கோல் வரையன் என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பேப்பரே தப்பாகப் போடுமா என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காங்கயம் வட்டம்.