அந்தக் கற்சுவர் இடைக்காலத்தது அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள பர்ஃபோர்ட் ஊரின் யோவான் ஸ்நானகன் தேவாலயத்தைக் கட்டுரையாளர் நின்று நிதானித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் உட்புறப் படத்தின் கீழே, பூச்சில்லாத வெறும் கற்சுவர்கள் இடைக்கால எளிமையைக் காட்டுகின்றன என்று குறிப்பு போட்டிருக்கிறீர்கள். இது சரியல்ல. அந்தச் சுவர்களின் பூச்சை உரித்தெடுத்தது 1870களில், விக்டோரியா ராணி காலத்தில்.

இடைக்காலத்து ஆள் ஒருவர் இன்றைய பர்ஃபோர்டுக்குள் நுழைந்தால், வேலை பாதியில் நிற்கிறது என்றுதான் நினைப்பார். அன்றைய கொத்தனார் மூலைகள், சன்னல் ஓரங்கள், தூண்கள், வளைவுகள் ஆகியவற்றுக்கு மட்டுமே கல்லைச் செதுக்கிப் பதித்தார். மற்ற இடமெல்லாம் கரடுமுரடான கல். மேலே சுண்ணாம்புப் பூச்சு வரப்போகிறது என்று தெரிந்தே அப்படிக் கட்டினார். பூச்சின்மேல் ஓவியங்கள் வந்தன. பீடப் பகுதியின் வளைவுக்கு மேலே நியாயத்தீர்ப்புக் காட்சி, வாசலுக்கு எதிர்ச்சுவரில் குழந்தை இயேசுவைச் சுமக்கும் புனிதர் கிறிஸ்தோபர் என்று பல ஊர்களில் ஒரு வழக்கமே இருந்தது. சில இடங்களில் பூச்சின்மேல் சிவப்புக் கோடு இழுத்து, அழகாக அடுக்கிய கல் மாதிரி காட்டினார்கள். உள்ளே நிஜக் கல் இருக்க, மேலே பொய்க் கல்! 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தில் இவற்றின்மேல் வெள்ளையடித்து, வேத வசனங்களை எழுதினார்கள். ஓவியம் மறைந்ததே தவிர அழியவில்லை. அழித்தது பின்னால் வந்த உளி. பூச்சைக் கொத்தி எடுத்தபோது சில நூற்றாண்டுகளின் அடுக்குகள் மொத்தமாகப் போயின. அப்புறம் கல் இடுக்குகளில் சிமென்ட் அடைத்தார்கள். சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்த ஈரம் வழி அடைபட்டு, கல்லையே அரிக்கத் தொடங்கியது.

பழைய தேவாலயங்களை இப்படி உரித்துப் புதுப்பிக்கும் மோகத்தை ஊர் ஊராகப் பரப்பியதில், தேவாலயக் கட்டடக்கலை ஆர்வலர்கள் 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய கேம்டன் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணியில், 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வடிவம்தான் அவர்களுக்கு உச்சம். பிற்காலச் சன்னல்கள், கதவு வைத்த பெட்டி இருக்கைகள், கிராமத்து வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்த மேற்குப் பக்க மாடம் எல்லாம் அவர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசி. அதற்காக அவர்களை வில்லன்களாக்க நான் தயாரில்லை. பல தேவாலயங்களில் கூரை ஒழுகியது. தரைக்கு அடியில் கல்லறை தோண்டித் தோண்டி அஸ்திவாரமே ஆட்டம் கண்டிருந்தது. அவர்கள் பணம் திரட்டியிராவிட்டால் சில கட்டடங்கள் இன்று இருக்காது. கூரையைச் சரிசெய்ததோடு நிறுத்தியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

பர்ஃபோர்டில் வேலையை நடத்தியவர் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட். பின்னாளில் கவிஞராகவும் வடிவமைப்பாளராகவும் பெயர்பெற்ற வில்லியம் மோரிஸ் 1856இல் கட்டடக்கலை பழகப் போனது இதே ஸ்ட்ரீட்டின் அலுவலகத்துக்குத்தான். 1876இல் இந்த ஊர் வழியாகப் போன மோரிஸ், நடப்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார். அவர் ஆட்சேபித்தபோது, "தேவாலயம் என்னுடையது, நினைத்தால் இதற்குள் தலைகீழாகவும் நிற்பேன்" என்று குருவானவர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அடுத்த மார்ச்சில் ட்யூக்ஸ்பரி தேவாலயத்தில் இன்னொரு கட்டடக் கலைஞரான கில்பர்ட் ஸ்காட் கைவைக்கப் போகிறார் என்று தெரிந்ததும், மோரிஸ் 'அத்தீனியம்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அந்த மாதம் முடிவதற்குள் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்துவிட்டது. (ஆசிரியருக்குக் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.) புதுப்பிக்கப்படும் பழைய தேவாலயங்களுக்கு இனி வண்ணக் கண்ணாடி செய்து தருவதில்லை என்றும் மோரிஸ் முடிவெடுத்தார். அவர் நிறுவனத்துக்கு அது நல்ல வருமானம் தந்த தொழில்.

பர்ஃபோர்டின் ஞானஸ்நானத் தொட்டியைக் கட்டுரையாளர் எப்படித் தவறவிட்டார் என்று தெரியவில்லை. 1649இல் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல்லின் ஆட்கள், தங்கள் படையிலேயே கலகம் செய்த, மக்களுக்குச் சம உரிமை கேட்ட லெவலர் அணி வீரர்கள் 300க்கும் மேற்பட்டோரை இங்கே அடைத்துவைத்தது. அவர்களில் அந்தோணி செட்லி என்பவர் தொட்டியின் ஈயத் தகட்டில் தன் பெயரையும் ஆண்டையும், தான் ஒரு கைதி என்பதையும் கீறிவைத்தார். மூன்று பேரை வெளியே கல்லறைத் தோட்டத்தில் சுட்டுக்கொன்றார்கள். பூச்சோடு போன சுவர்களில் இப்படி எத்தனை கீறல்கள் இருந்தனவோ!

உரிக்காமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், பர்ஃபோர்டிலிருந்து பத்து மைல் போல தெற்கே, இங்கிள்ஷம் என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அதுவும் யோவான் ஸ்நானகன் தேவாலயம்தான்; சின்னது, பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டு. 1888–89இல் மோரிஸின் உதவியோடு, ஸ்காட்டிடம் தொழில் பழகிய மிக்கில்த்வெய்ட் அதைப் பழுதுபார்த்தார். கோணல் தரை, பெட்டி இருக்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக ஓவியமும் வசனமும் எட்டிப்பார்க்கும் சுவர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நார்மானியர் வருகைக்கு முந்தைய சாக்சன் காலத்து மாதா சிற்பம் ஒன்றும் உண்டு. அதை ஒரு காலத்தில் வெளிச்சுவரில் வைத்துச் சூரியக் கடிகாரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, முடிந்தால் பக்கத்திலேயே இங்கிள்ஷமின் உட்புறப் படம் ஒன்றையும் போடுங்கள். கட்டுரையாளர் மறுபடி இந்தப் பக்கம் வந்தால், சுவிண்டனிலிருந்து லெக்லேடு போகும் சாலையில், ஊருக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் திரும்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சுவிண்டன்