பாப்பாவுக்கு ஒன்பது மாதம்

அன்புள்ள கண்ணு,

நாங்கள் நலம். வடக்குத் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. சுமதி சித்தி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உங்களுக்கும் வந்திருக்கும். அப்பா காலையில் வாய்க்கால் வரைக்கும் நடக்கிறார், நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. அது உனக்குத் தெரிந்ததுதான்.

பாப்பாவுக்கு ராகிக் கூழ் ஒத்துக்கொள்கிறதா? நன்றாக வடிகட்டிக் கொடு. தேனை ஒரு வயது முடியும் வரை நாக்கில் வைக்காதே, யார் சொன்னாலும் சரி. பசும்பாலும் அப்படித்தான். இதையெல்லாம் போனிலேயே சொன்னேன், நீயும் ‘சரிம்மா’ என்றாய். அடுத்து, பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசி எப்போது என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாய். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

கூழ் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உனக்கு நாலு மாதம் முடிந்ததும் கஞ்சி கொடுத்தேன். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் இணை உணவு தொடங்க வேண்டும் என்றுதான் எங்களுக்கு நர்ஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் வீடு வீடாக அதைத்தான் சொன்னேன். 2001இல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்று மாற்றியது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலத்தின் அளவும் பிறகு மாறியது. போலியோ சொட்டு மருந்து மூன்று வகைக் கிருமிக்கு இருந்தது, 2016 ஏப்ரலில் இரண்டு வகைக்கு ஆனது. இதற்கெல்லாம் யாரும் என்னை வழிமறித்து ‘அன்னைக்கு ஒண்ணு சொன்னே, இன்னைக்கு ஒண்ணு சொல்றியே’ என்று சண்டை போடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஏன் மாறியது என்று சொல்வேன். கேட்பார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள், செய்வார்கள். நீயும் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடியும் வரை காத்திருந்தாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

சித்தி என்னிடம் சொல்லிவிட்டாள். அவள் மேல் கோபப்படாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். ‘ஒவ்வொரு வாரமும் ஒண்ணு சொன்னவங்க, நாளைக்கு இதையும் மாத்துவாங்க. என் குழந்தை மேல எதுக்கு?’ என்றாயாமே.

அந்த வார்த்தையை நான் இரவெல்லாம் யோசித்தேன். அதில் முழுக்கப் பொய் என்று தள்ள ஒன்றும் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது முதலில் நோயில்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். ஏப்ரலில் நம் நாட்டில் வீட்டில் தைத்ததையாவது கட்டச் சொன்னார்கள். உலக சுகாதார நிறுவனம் ஜூனில்தான் மாறியது. திருப்பூர் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் வைத்தபோது டிவியெல்லாம் கொண்டாடின, அதே மாதம் மனிதர் மேல் மருந்து தெளிக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. நாம் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், ஜன்னலை அடைத்துக்கொண்டு. காற்றில் பரவுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் 239 பேர் 2020 ஜூலையிலேயே கையெழுத்துப் போட்டு எழுதினார்கள். அதை அழுத்தமாகச் சொல்ல இன்னும் எத்தனை நாள் எடுத்தார்கள்! நம் சௌமியா சுவாமிநாதன், சென்னையில் காசநோய் ஆராய்ச்சி செய்த குழந்தை மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தார். 2022 நவம்பரில் பதவியை விட்டு வரும்போது, காற்றில் பரவும் என்பதை மிக முன்பே உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாததற்கு வருந்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய நாற்காலியில் இருந்து அப்படிச் சொன்ன பெண்ணை எனக்குப் பிடித்தது.

இப்போது அப்பா விஷயம். நீ அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும்தான். வெளியே பேசாமலே வைத்திருக்கிறோம்.

மார்ச் கடைசியில் அவருக்கு முதல் கொரோனா ஊசி, கோவிஷீல்டு. நாலிலிருந்து எட்டு வாரத்துக்குள் இரண்டாவது என்று அப்போது விதி. 2021 மே 13ஆம் தேதி, பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம் என்று மாறியது. அந்த வாரம் போனோம். கணினி ஏற்காது என்று திருப்பி அனுப்பினார்கள். நான் அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவள் என்றும் சொல்லிப் பார்த்தேன். நம் பக்கம் கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். ஜூன் முதல் வாரம் அவர் ஆக்சிஜனில் இருந்தார். நீ சென்னையிலிருந்து இ-பாஸ் வாங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றாய். ‘ஊசி இல்லை, அதான் தள்ளிவெச்சாங்க. நீ இன்னும் அவங்க பக்கமே பேசு’ என்றாய். அதன் பிறகு என்னிடம் நீ எந்த மருந்தைப் பற்றியும் கேட்டதில்லை. வேறு யாரிடமாவது கேட்கிறாய்.

பக்கம் பேசவில்லை கண்ணு. இடைவெளி கூடினால் பலன் கூடுகிறது என்பது பிரிட்டனில் வந்த ஆய்வு, அது கட்டுக்கதை இல்லை. ஆறு வாரத்துக்குள் போட்டவர்களுக்கு 55 சதவீதம், பன்னிரண்டு வாரம் கடந்து போட்டவர்களுக்கு 81 சதவீதம் பாதுகாப்பு என்று வந்தது. ஆனால் அது டெல்டா என்ற உருமாறிய கொரோனா பரவுவதற்கு முன் எடுத்த கணக்கு. நம் ஊரில் நீட்டித்த மறுநாள், மே 14, அதே பிரிட்டன் ஐம்பது வயது கடந்தவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்தை எட்டாகக் குறைத்தது. டெல்டா அங்கும் வந்துவிட்டது என்பதுதான் காரணம். அடுத்த வாரம் கணக்கும் வந்தது, டெல்டாவுக்கு எதிராக ஒரு ஊசியின் பாதுகாப்பு ஏறத்தாழ 33 சதவீதம்தான் என்று.

ஊசித் தட்டுப்பாடு இருந்தது, டோக்கனுக்கு விடியலில் வரிசை நின்றதை நானே பார்த்தேன். முகக்கவசமும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்கே போதாது என்ற பயம் அந்த முதல் அறிவுரைக்குள் இருந்தது. ‘இருப்பு குறைவு, இருப்பவர்களில் அதிகம் பேருக்கு ஒன்றாவது போடப் பார்க்கிறோம், இப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்’ என்று சொல்லியிருந்தால் நம் சனம் கேட்டிருக்கும். பஞ்சம் பார்த்த சனம், பங்கு போடத் தெரியாதா? மாற்றினார்கள் என்பதில் எனக்குக் கோபமில்லை. ஏன் என்பதைப் பாதி மறைத்து, மீதியை உறுதியாகச் சொன்னார்களே, அதில்தான் கோபம். உன் கோபம் இதைவிட வேறா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டு இரண்டாம் நாள் போய்ச் சேர்ந்தார், உனக்கு நினைவிருக்கும். அடுத்த நாளே எங்கள் முகாம் காலி. ஊசியால் அல்ல என்று ஆய்வுக் குழு சொன்னது மாதங்கள் கழித்து. அதற்குள் எத்தனை வீட்டுப் படி ஏறி எத்தனை பேச்சு வாங்கினேன். வாசலில் நின்று பதில் சொல்வது நாங்கள்தானே. டெல்லியில் மாற்றுகிறவர்கள் யாரும் வந்து நிற்பதில்லை.

ஆனால் 2017ஐ நினைத்துப்பார். தட்டம்மை ரூபெல்லா ஊசி பள்ளிகளில் போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி வந்தது. நம் குடும்ப குரூப்பிலேயே பெரிய மாமா போட்டார். ‘எங்கம்மா போடறாங்க, எங்கிட்டக் கேளுங்க’ என்று பதில் எழுதியது யார்? அன்றைக்கு நான் அதை நர்ஸ் அக்காக்கள் எல்லாருக்கும் காட்டினேன். அதே ஊசிதான் இது. அதே பிள்ளைதான் நீ.

கொரோனா காலம், புதிதாக வந்த ஒரு நோயை ஓடிக்கொண்டே படித்த காலம். தட்டம்மை அப்படி இல்லை. ஊசி 1963லிருந்து இருக்கிறது, நம் நாட்டுத் திட்டத்தில் 1985லிருந்து. ஒன்பது மாதம் என்பதற்குக் காரணம், உன் உடம்பிலிருந்து அவள் வாங்கிவந்த எதிர்ப்பு அதற்குள் கரைந்துவிடும். முன்கூட்டிப் போட்டால் சரியாகப் பிடிக்காது, தள்ளிப் போட்டால் அவ்வளவு நாளும் வெறும் உடம்பு. ஒரு குழந்தைக்கு வந்தால் பாதுகாப்பில்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவும். 2022 கடைசியில் மும்பையில் பரவியபோது, அந்தப் பகுதிகளில் ஆறாம் மாதத்திலேயே ஒரு ஊசி கூடுதலாகப் போடச் சொன்னார்கள். பார், இதுவும் மாறியது. நோய் பக்கத்தில் வந்தால் முன்கூட்டியே போடு என்று மாறியது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணல்வாரி, அதாவது இந்தத் தட்டம்மை, வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வாசலில் வேப்பிலை, உள்ளே குழந்தை கண் திறக்க முடியாமல், மூச்சு இழுத்துக்கொண்டு. அம்மா மடியில் வைத்து விசிறிக்கொண்டிருப்பாள். அதற்கு மேல் எழுதவில்லை. உனக்குப் பாப்பா மடியில் இருப்பாள்.

அப்பாவிடம் கேட்டேன், என்ன எழுதட்டும் என்று. தனக்கு நேர்ந்ததற்குப் பாப்பாவிடம் கணக்குத் தீர்க்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். அவர் தேறியபின் மூன்று மாதம் காத்திருந்து இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டவர், அதையும் எழுது என்றார்.

உங்கள் பக்கத்து நகர்ப்புற சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுவார்கள். அட்டையை எடுத்துக்கொண்டு போ. அதே நாளில் வைட்டமின் ஏ முதல் தவணையும் கொடுப்பார்கள், கேட்டு வாங்கு. போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார். ஒரு வாரம் கழித்து லேசாகக் காய்ச்சலோ தடிப்போ வரலாம், பயப்படாதே, என்னைக் கூப்பிடு. சந்தேகம் எதுவானாலும் கேள், எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். பதினாறாம் மாதத்துக்கு மேல் இரண்டாவது வரும், அதைப் பிறகு பேசலாம்.

தேன் வேண்டாம், மறக்காதே. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீயும் பாப்பாவும் மட்டுமாவது வாருங்கள், அப்பா திருப்பூர் ஸ்டேஷனுக்கு வருவார்.

அன்புடன்,
அம்மா